போதும் என்ற பிறகு ஒரு கரண்டி

தம்பி,

நாங்கள் இங்கே நலம். நீ அங்கே எப்படி என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் அதைக் கேட்க எனக்கு ஒரு வழிதான் தெரியும். அந்த வழியை உன் அம்மா அடைத்து வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. "அவன்கிட்ட இனிமே சாப்பிட்டியான்னு கேட்டீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னாள். நாள் முழுக்க ஊரையே சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருக்கும் மனிதன், பெற்ற பிள்ளையிடம் மட்டும் அதைக் கேட்காமல் இருந்தேன். நீயும் கவனித்திருப்பாய். நேற்று போனில் நீ முந்திக்கொண்டு, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றாய். நான் "ம்" என்று சொல்லி ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. பதிலுக்குக் கேட்க வேண்டியதை வாய் வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டேன். "பேச வரலேன்னா எழுதுங்க" என்றாள் உன் அம்மா. மதியக் கூட்டம் போய்விட்டது. அண்டாக்களைக் கழுவுகிறார்கள். சாயங்கால வடைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நம் கடையில் மின்விசிறி சரியாகச் சுற்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் வேலை தெற்கே பாசீர் கூடாங் துறைமுகத்துக்கு மாறியதிலிருந்து வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே யோசனைதான். துறைமுக வேலை உனக்குப் புதிது இல்லை. கிள்ளானில் பார்த்த அதே கண்டெய்னர், அதே பாரம்தான் அங்கேயும். தனியாக ஒரு அறையில் இருக்கப் போகிறாயே, உடம்பு நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் மாத்திரையை விட்டுவிடுவாயோ என்பதுதான் யோசனை. உடம்பு நன்றாக இருக்கும்போதுதான் நம் குடும்பம் முட்டாள்தனம் செய்யும். அதற்கு நானே சாட்சி.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நம் கடையில் போதும் என்ற சொல்லுக்கு என்றைக்குமே மதிப்பு இருந்ததில்லை. வாழை இலை முன்னால் உட்கார்ந்தவன் "போதும்ண்ணே" என்றால், இன்னொரு கரண்டி ஊற்றுவதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம். இலைக்கு மேல் கையை விரித்துத் தடுத்தாலும், விரல் இடுக்கு வழியாகச் சாம்பாரை இறக்கத் தெரிந்தவன் நான். பந்திங்கிலிருந்து லோரி ஓட்டி வருகிறவர்கள் திட்டிக்கொண்டே சாப்பிடுவார்கள், மறுநாள் மறுபடியும் வருவார்கள். அதே கரண்டியால்தான் உன்னையும் வளர்த்தேன். நீ பெருத்துக்கொண்டே போனாய். "தௌக்கே, கடைக்கு போர்டே வேணாம்லா, மகனை வாசல்ல நிக்க வைங்க போதும்" என்று ஒருவர் முதலாளியான என்னைக் கிண்டல் செய்தார். நான் அதை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு சிரிக்க முடியாமல் போனது. முப்பது வயது ஆகவில்லை, சர்க்கரை வந்துவிட்டது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. ஆபீஸ் மாடிப்படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பட்டினி கிடந்து பார்த்தாய், ஓடிப் பார்த்தாய், யாரோ சொன்ன பொடியையெல்லாம் கரைத்துக் குடித்தாய். கடைசியில் கோலாலம்பூரில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, வயிற்றைச் சுருக்கும் ஆப்பரேஷன் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாய். நான் குதித்தேன். "வாயக் கட்டத் தெரியாதவன்தான் வயித்த வெட்டிக்குவான்" என்றேன். நீ சத்தம் போடவில்லை. "வாயக் கட்டலாம்பா. உங்க கரண்டிய யாரு கட்டுறது?" என்றாய். சமையல்கட்டில் உன் அம்மா சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றின் மேல்பகுதியை மட்டும் பிரித்து, ஒரு முட்டை அளவுக்குப் பையாக்கி, அதைக் குடலோடு இணைத்திருப்பதாக டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், நிறைந்ததும் நிறுத்த வேண்டும், சத்து மாத்திரை ஆயுசுக்கும் போட வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் காதில் விழுந்தது ஒரே ஒரு விஷயம், முதல் சில வாரம் கஞ்சி மாதிரி மெல்லிசாகக் கொடுங்கள் என்றது. கஞ்சியா, அதை எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தேன்.

கடைக்கு நாம் போடுவது புழுங்கல் அரிசி. உன் வயிற்றுக்கு அது முரடு என்று நானே முடிவு செய்து, பாசாருக்குப் போய் நல்ல மெல்லிய சியாம் வெள்ளை அரிசி வாங்கி வந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும் வரை கழுவினேன். குழைய வேகவைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். அத்தனை வருடத் தொழிலில் அவ்வளவு சுத்தமான கஞ்சியை நான் வைத்ததில்லை. பருப்புத் தண்ணீரும் மீன் சாறும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் வாயு, அதெல்லாம் கவுச்சி என்று தள்ளிவைத்தேன். கஞ்சி, பார்லி, குளுக்கோஸ் தண்ணீர், மறுபடியும் கஞ்சி. நீ நாலு வாய் குடித்துவிட்டு "போதும்பா" என்பாய். நான் ஐந்தாவது கரண்டியை ஊற்றுவேன்.

என் மனம் நோகும் என்று நீ அதையும் குடித்தாய். பிறகு எழுந்து பின்பக்கம் போவாய். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். பிள்ளை கை கழுவுகிறான் என்று நினைத்தேன். குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிடுகிறாய் என்று யாருக்குத் தெரியும்? மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்று அதையும் விட்டுவிட்டாய். அம்மா கேட்டால் "போட்டேன்மா" என்றாய். இதற்காக உன்னை ஏசலாம். ஆனால் அப்பன் முகம் வாடக்கூடாது என்று வயிற்றைக் கெடுத்துக்கொண்ட பிள்ளையை என்னவென்று ஏசுவது?

எடை மளமளவென்று குறைந்தது. பண்டமாரானில் நம் வீட்டு வரிசை முழுக்க உன் பேச்சுதான். கல்யாணத்துக்குப் போன இடத்தில்கூட அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பையனுக்கு என்ன மருந்து என்று கேட்டார்கள். "சோளம் உதிர்ந்துச்சு, வெறும் குச்சியாச்சு" என்று பக்கத்து வீட்டு அக்கா ராகம் போட்டுப் பாடினார். நானும் மகிழ்ந்தேன். மெலிவது வேறு, வற்றுவது வேறு என்பது எங்கள் யாருக்கும் புரியவில்லை. சீப்பில் முடி கொத்தாக வந்தது. பாதம் எரிகிறது என்றாய். சர்க்கரை அப்படித்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னோம். உன் சர்க்கரை இறங்கி வழிக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்ததை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. நம் குடும்பத்தில் கால் எரிந்தால் சர்க்கரை, அதற்கு மேல் யோசிக்க மாட்டோம்.

ஒருநாள் சாயங்காலம் கடைக்குள் நீ மேசையில் இடித்துக்கொண்டு தள்ளாடி வந்தாய். கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது, அது உனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் மெதுவாக, "என்ன தௌக்கே, தம்பி இப்பல்லாம் தண்ணி போடுதா?" என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உன்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், "வாயத் திற, ஊது" என்றேன். நீ ஊதினாய். ஒரு வாசமும் இல்லை. "அப்பா, எனக்குக் கால் எங்க இருக்குன்னே தெரியல" என்றாய். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

உடனே பக்கத்து கிளினிக்குக்கு ஓடினோம். "ரொம்ப வீக்கா இருக்கான் டாக்டர், தண்ணி ஏத்துங்க" என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஆப்பரேஷன் செய்ததை நாம் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் நாளைக்குப் பெண் பார்க்கும்போது பேச்சு வரும் என்று அம்மாவுக்குக் கூச்சம். நானும் வாயை மூடிக்கொண்டேன். குளுக்கோஸ் ஏறியது. தெம்பு வரும் என்று காத்திருந்தோம். மறுநாள் காலை நீ படுக்கையிலிருந்து என்னைப் பார்த்து, "அப்பா, ஏன் ரெண்டு பேரா நிக்கிறீங்க?" என்று கேட்டாய். கண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது.

கடை வேனில் உன்னைப் படுக்கவைத்து பெடரல் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போனேன். பின்னால் பாத்திரங்கள் உருண்டு கிடந்தன. "கடைய யாருப்பா பாத்துக்கிறாங்க?" என்று கேட்டாய். சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதையே கேட்டாய். கோலாலம்பூர் போய்ச் சேரும் வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தாய். உன் அம்மா முருகா முருகா என்பதைக்கூட நிறுத்திவிட்டாள். என் பிள்ளையின் புத்தி போய்விட்டது, இனி நடக்கவும் மாட்டான், பார்க்கவும் மாட்டான் என்றே நினைத்தேன். இதை இன்று வரை உன்னிடம் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரப் பெண் டாக்டர். ஞாபகம் இருக்காது உனக்கு. உன் கண்ணைப் பார்த்தார், எழுப்பி நிற்கவைத்துப் பார்த்தார். வயிற்றில் தையல் தழும்பைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பி, "இந்தப் பிள்ளை என்ன சாப்பிடுறவர்?" என்று கேட்டார். நான் கஞ்சி வைக்கும் விதத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"என்ன அரிசி?"

"நல்ல வெள்ளை அரிசிங்க டாக்டர். சியாம் அரிசி. நானே கழுவி வடிகட்டிக் கொடுப்பேன்."

"சத்தி எடுக்கிறவரோ?"

எனக்குப் புரியவில்லை. வாந்தியைத்தான் கேட்கிறார் என்று நர்ஸ் எடுத்துச் சொன்னார். இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். கட்டிலிலிருந்து நீ, "ஒவ்வொரு வேளையும்" என்றாய்.

டாக்டர் அதற்கு மேல் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஊசி மருந்தைக் கொண்டுவரச் சொல்லி, முதலில் அதை ஏற்றிய பிறகுதான் எங்களோடு பேசினார். "பெரிபெரி எண்டு கேள்விப்பட்டிருப்பீங்கள். அந்த நோயின்ர குடும்பந்தான் இது. பி ஒன் எண்ட சத்து உடம்பில கனநாள் தங்காது. சாப்பாடு குறைஞ்சு, சத்தியும் எடுத்து, மாத்திரைக் குளிசையும் போடாட்டி கெதியா முடிஞ்சிடும். அது இல்லாமல் குளுக்கோஸ் ஏத்தினால் இருக்கிற கொஞ்சமும் போயிடும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முந்தி இஞ்ச மலாயாவில தீட்டின வெள்ளை அரிசி சாப்பிட்ட ஆக்களுக்குத்தான் பெரிபெரி கூட வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட எங்கட ஆக்கள் தப்பிச்சவை. நீங்கள் கடையில இருந்த நல்ல அரிசியை விட்டுட்டு, வேற அரிசியைத் தேடிப் போயிருக்கிறீங்கள்" என்றார். குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஊருக்கெல்லாம் புழுங்கல் சோறு போட்டவன், சொந்தப் பிள்ளைக்குச் சத்தையெல்லாம் கழுவிக் குழாயடியில் ஊற்றியிருக்கிறேன்.

மறுநாள் காலை நாங்கள் வார்டுக்குள் வந்தபோது நீ கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாய். கண் ஆடவில்லை. உன் அம்மா எதிரே போய் நின்று, "எத்தன அம்மா தெரியுது சொல்லு" என்றாள். "ஒண்ணுதாம்மா. ஒண்ணே போதும்" என்றாய். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். தலையில் தூக்கிவைத்திருந்த அண்டாவை யாரோ இறக்கிவைத்தது போல இருந்தது. அந்த நிம்மதி இன்றும் என்னிடம் இருக்கிறது. காலையில் கடை திறக்கும்போது சும்மாவே ஒருமுறை நினைத்துக்கொள்வேன்.

கண் சீக்கிரம் வந்தது. கால் வர மாதக்கணக்காயிற்று. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உன் மாமா வீட்டில் தங்கி, ஊசிக்கும் நடைப் பயிற்சிக்கும் போய் வந்தாய். கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் ஒவ்வொரு தூணாகப் பிடித்து நடந்ததும், பூக்கட்டும் அக்கா "வா தம்பி, இன்னைக்கு என் கடை வரைக்கும் வந்துட்ட" என்றதும் எனக்கு மறக்கவில்லை. ரத்தத்தைச் சோதித்தபோது இரும்புச் சத்தும் குறைவு, பி டுவெல்வும் குறைவு. கொஞ்சமாகச் சாப்பிடுகிறவனுக்கு அந்தக் கொஞ்சத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டாள். என்னைச் சமையல்கட்டிலிருந்து விலக்கிவைத்தாள். சின்னச் சாஸர் தட்டு வாங்கி வந்தாள். விரால் மீன் சூப், அரை வேக்காட்டு முட்டை, மசித்த பருப்பு, தௌஹு என்கிற சோயாக் கட்டி, பிறகு குழைந்த புழுங்கல் சோறு ஒரு கைப்பிடி. இரும்பு மாத்திரை போட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கப் போனால் கையில் தட்டினாள். கரண்டியை என் கண்ணிலேயே காட்டவில்லை.

எனக்கு அது பெரிய தண்டனை. நீ "போதும்" என்றால் என் கை தானாக மேலே போகும். அம்மா முறைப்பாள், கை இறங்கும். இரண்டு வாய்க்கு அப்புறம் நீ தட்டைத் தள்ளிவைப்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? மிச்சம் வைத்தால் சமைத்தவனுக்கு அவமானம் என்றே நினைத்து வாழ்ந்தவன் நான். உன் வயிறு ஏதோ என்மேல் கோபமாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். மெல்ல மெல்லத்தான் புரிந்தது. போதும் என்று நீ சொன்ன ஒவ்வொரு முறையும் நான் நிறுத்தினேன், அன்றைக்கெல்லாம் பின்பக்கக் குழாய் ஓடவில்லை. நெற்றி ஓரத்தில் மறுபடியும் முடி முளைத்தது. நகத்தில் நிறம் வந்தது. நீ மேசையைப் பிடிக்காமல் கல்லா வரை வந்தாய்.

இனி நான் கேட்டுக்கொள்வது இதுதான். மாத்திரையை விடாதே. பெரிதாக இருந்தால் மென்று தின்கிற மாதிரி உள்ளதைக் கேட்டு வாங்கு. மாதாந்திர பி டுவெல்வ் ஊசிக்கு அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து வைத்துக்கொள். ரத்தம் சோதிக்கச் சொன்னால் வேலையைச் சாக்குச் சொல்லாதே. வாந்தி நிற்காமல் வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் ஓடு. எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் முதல் வார்த்தையே ஆப்பரேஷன் பற்றியதாக இருக்கட்டும், குளுக்கோஸ் ஏற்றும் முன் பி ஒன் என்று நீயே ஞாபகப்படுத்து. நாளைக்கு ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டால் அவளிடமும் சொல்லிவிடு. அம்மாவின் கூச்சம் அந்தக் கிளினிக்கோடு போய்விட்டது, அவளே இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறாள். மாமியார் வீட்டு விருந்தில் "இன்னும் கொஞ்சம் மாப்பிள்ளே" என்பார்கள். என்னைப் போல் ஆட்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் முகம் வாடினால் வாடட்டும், அன்றைக்கே சரியாகிவிடும்.

நீ கிளம்பிய அன்று காலை கடையில் சாப்பிட்டாயே, அதைச் சொல்லி முடிக்கிறேன். வாழையின் நுனியில் சின்னத் துண்டு வெட்டிப் போட்டேன். கொஞ்சம் சோறு, மீன், கீரை. சாம்பார் கரண்டியோடு நான் நின்றேன். "போதும்பா" என்றாய். கை அங்கேயே நின்றது, அம்மா முறைக்கத் தேவைப்படவில்லை. நீ இலையை உன் பக்கமாக மடித்துவிட்டுக் கை கழுவப் போனாய்.

உடம்பு சரியில்லாத நாட்களில் நீ இலையை மடித்துவிட்டுப் போனால் நான் யாருக்கும் தெரியாமல் பிரித்துப் பார்ப்பேன். தின்ன முடியாததை உள்ளே வைத்து மூடியிருப்பாய். அந்தப் பழக்கத்தில் அன்றும் பிரித்தேன். மீன் முள்ளும் கறிவேப்பிலையும் மட்டும் இருந்தன. ஒரு பருக்கை இல்லை. கொஞ்சமாக வாங்கி, வாங்கியதையெல்லாம் சாப்பிட்டிருந்தாய். பின்பக்கம் காது கொடுத்துக் கேட்டேன். கை கழுவும் அளவுக்குத் தண்ணீர் ஓடியது, நின்றது. நீ துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாய்.

அதை அம்மாவிடம் நேற்று நீ போனை வைத்த பிறகுதான் சொன்னேன். பிறகு, "சரி, இனிமே கேளுங்க" என்றாள்.

கேட்கிறேன் தம்பி. சாப்பிட்டியா?

அப்பா